நத்தார்ச் சிற்றூரின் அட்டை வீடுகள்

மார்கழி மாதத்தில் கந்தப்பளைப் பக்கம் செல்வோர் இருவகை வீடுகளைக் காண்பர். ஒருவகை, தேயிலைச் சரிவுகளில் பனிமூட்டத்தினூடே வரிசையாக நிற்கும் லயங்கள். மற்றொருவகை, அந்த லயங்களுக்குள்ளே கிறிஸ்தவர் வாழும் அறைகளில், சுவரோரப் பலகையொன்றின்மீது பாலன் குடிலைச் சூழ்ந்து நிற்கும் சாண் உயர வீடுகள். பின்னவற்றுக்குச் சுவர் அட்டை, சாளரம் வண்ணக் கண்ணாடித்தாள், புல்தரை பாசி, மரம் சைப்பிரஸ் தழை. பண்டிகை முடிந்ததும் சிலர் அவற்றைப் பெட்டியில் இட்டுப் பரண்மேல் ஏற்றுவர். சிலர் அடுப்பில் இடுவர். இச்சிறு வீடுகளுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டென்பதும், பழையனவற்றைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்கிப் பேணுவதையே ஒரு கலையாகக் கொண்டோர் உலகின் பல பாகங்களிலும் உளர் என்பதும் நம் நேயர்களுட் பலர் அறியாதன.

இலங்கைத் தமிழர் இப்பண்டிகையை நத்தார் என வழங்குவர். பிறப்பு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம் அது. சொல் கடல் கடந்து வந்ததுபோலவே, இச்சிற்றூர் அமைக்கும் வழக்கமும் பல நாடுகளைக் கடந்தே மலைநாட்டை வந்தடைந்தது. அது வந்த வழியை அறிந்துகொண்டால், பழைய வீடொன்றை எவ்வாறு பேணவேண்டும் என்பதும் எளிதில் விளங்கும்.

இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் மலையூர் ஒன்று உண்டு. 1223ஆம் ஆண்டு அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் அங்கு நத்தார் இரவை வழிபடுகையில், வைக்கோல் பரப்பிய முன்னணை ஒன்றை அமைத்து, அதனருகே உயிருள்ள எருதும் கழுதையும் நிற்கச் செய்தார். எழுத்தறியாத மக்களும் பெத்லகேமின் வறுமையைத் தம் கண்ணாற் காணவேண்டும் என்பதே அவர் கருத்து. அந்தக் குடிலில் வீடுகள் இல்லை, கடைத்தெரு இல்லை. வைக்கோலும் விலங்குகளும் மட்டுமே இருந்தன. பின்னர் உயிருள்ளவற்றின் இடத்தைச் சிலைகள் பெற்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்னோல்போ தி காம்பியோ என்னும் சிற்பி செதுக்கிய குடிற்சிலைகள் உரோமாபுரியின் புனித மேரி பேராலயத்தில் இன்றும் உள்ளன.

முன்னணையைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது நேப்பிள்ஸ் நகரில். 18ஆம் நூற்றாண்டில் அங்கு ஆட்சி செய்த சார்ல்ஸ் மன்னர் இக்கலையிற் பெருவிருப்பம் கொண்டவர். அரசன் வழியே பிரபுக்களும் சென்றனர். சுடுமண் தலையும் மரக் கைகால்களும் கம்பியும் சணலும் கொண்ட உடலுமாக உருவங்கள் செய்யப்பட்டன. தக்கையைச் செதுக்கிப் பாறைகளும் வீடுகளும் அமைத்தனர். இறைச்சிக் கடை, மீன் கடை, பழக் கூடை, சத்திரம், இரவலன், இசைவாணன் என அந்நகரத்து வாழ்க்கை முழுவதும் அங்கே இடம்பெற்றது. காண்பவர் குழந்தை இயேசுவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது! 1879ஆம் ஆண்டு முதல் அந்நகரத்துச் சான் மார்த்தினோ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ள கூச்சினியெல்லோ குடில் இதற்குத் தக்க சான்று. சான் கிரேகோரியோ அர்மேனோ என்னும் தெருவில் இவ்வுருவங்களைச் செய்து விற்கும் தொழிற்கூடங்கள் இன்றும் வரிசையாக உள்ளன.

பிரபுக்களின் பொழுதுபோக்கு ஏழைகளின் இல்லத்தையும் அடைந்த கதை பிரான்சின் தென்பகுதியைச் சார்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்கள் மூடப்பட்டன. பொதுக் குடில்கள் இல்லாது போயின. மக்கள் தத்தம் வீட்டினுள்ளே சிறு குடில்களை அமைக்கத் தலைப்பட்டனர். மார்சேய் நகரத்து லாஞ்ஞேல் என்னும் சிற்பி அச்சுக்களைச் செய்து, களிமண் உருவங்களை மலிவாக வார்த்தளித்தார். சாந்தோன், அதாவது சிறிய புனிதர், எனப் பெயர் பெற்ற இவ்வுருவங்களுக்காக 1803ஆம் ஆண்டு தொடங்கிய சந்தை அந்நகரில் இன்றும் ஆண்டுதோறும் கூடுகின்றது. மாவரைப்பவன், மீன் விற்பவள், சாணை பிடிப்பவன் எனத் தம் ஊரில் நாள்தோறும் காணும் மக்களையே அவர்கள் பெத்லகேமுக்கு அனுப்பினர் எனலாம். 

இனி, வீடுகளுக்கே முதலிடம் தந்த மரபைக் காண்போம். மொரேவியர் எனப்படும் ஜேர்மன் மொழி பேசிய சீர்திருத்தக் கிறிஸ்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் குடியேறினர். 1741ஆம் ஆண்டு நத்தார்க்கு முந்திய இரவில் தம் புதிய ஊருக்குப் பெத்லகேம் என்றே பெயரிட்டனர். அவர்கள் தம் இல்லங்களில் அமைத்த நத்தார்க் காட்சிக்குப் புட்ஸ் என்று பெயர். அலங்கரித்தல் என்னும் பொருள்பட்ட ஜேர்மன் வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது அது. முதலிற் குடிலும் இடையர்களும் மட்டுமே இருந்த அக்காட்சியில், காலப்போக்கில் ஆலை, பாலம், வேலி, தேவாலயம், வீடுகள் எல்லாம் இடம் பிடித்தன. ஜேர்மனியின் ஏர்ட்ஸ் மலைத்தொடரில் சுரங்கத் தொழில் நலிந்தபோது, அங்குள்ள சைஃபன் போன்ற ஊர்களின் தொழிலாளர் மரக் கடைச்சலுக்கு மாறிச் சிறு வீடுகளையும் விலங்குகளையும் செய்து ஏற்றுமதி செய்தனர். இவ்வாறு ஒரு மலைநாட்டின் வறுமை, கடலுக்கு அப்பாலுள்ள குழந்தைகளின் மகிழ்ச்சிக்கு மூலதனமாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் நத்தார் மரத்தடியில் விளையாட்டுப் புகைவண்டியும் ஓடத் தொடங்கிற்று. வண்டி ஓடினால் அது நிற்பதற்கு ஊர் வேண்டும். அந்தத் தேவையை நிறைவேற்றியவர் ஜப்பானியக் கைவினைஞர். 1920களின் பிற்பகுதி முதல் ஜப்பானிலிருந்து அட்டை வீடுகள் பெட்டி பெட்டியாக அமெரிக்கா சென்றன. வூல்வர்த் போன்ற ஐந்து சத, பத்துச் சதக் கடைகளில் அவை விற்பனையாயின. இன்று சேகரிப்போர் பெரிதும் தேடுவன இவ்வீடுகளே.

அவை செய்யப்பட்ட முறை எளிது. அட்டையை அச்சால் வெட்டி மடித்துப் பசையால் ஒட்டி, ஒரு சிறு பெட்டி போன்ற பீடத்தின்மேல் நிறுத்துவர். கூரைக்கும் சுவருக்கும் வர்ணம் பூசி, ஈரம் உலருமுன் அப்பிரகத்தூள் அல்லது கண்ணாடித்தூள் தூவுவர். விளக்கொளியில் அது பனிபோல் மின்னும். சாளரங்களுக்குச் சிவப்பும் மஞ்சளுமான கண்ணாடித்தாள். வீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டத்துளை. அதன் வழியே மின்குமிழை நுழைத்தால் சாளரம் ஒளிரும். முற்றத்தில் பச்சைச் சாயம் தோய்த்த மரங்கள். அம்மரங்கள் எதனாற் செய்யப்பட்டவை? நம் வேலிகளிலும் படரும் பீர்க்கின் முற்றிய கூட்டினால். உடம்பு தேய்த்துக் குளிக்க நாம் எடுத்துக்கொள்ளும் அதே பீர்க்கங்கூடு, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பனிநாட்டு ஊசியிலை மரமாகக் காட்சியளித்தது!

1941இல் மூண்ட பசிபிக் போர் இவ்வணிகத்தை நிறுத்திற்று. போருக்குப் பின், 1947 முதல் 1952 வரை, நேச நாடுகளின் ஆட்சியிலிருந்த ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான பொருள்கள் பலவற்றில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானிற் செய்தது" என்னும் பொருள்தரும் ஆங்கில முத்திரை இடப்பட்டது. ஒரு வீட்டின் அடிப்புறத்தில் அம்முத்திரை இருப்பின் அதன் வயதை ஐந்தாண்டு எல்லைக்குள் வரையறுத்துவிடலாம். பின்னர் பிளாஸ்டிக் வீடுகள் பெருகின. அட்டை வீடுகளின் காலம் மெல்ல மெல்ல முடிவுற்றது. 1976இல் அமெரிக்காவின் டிபார்ட்மெண்ட் 56 நிறுவனம் உள்ளே விளக்கெரியும் பீங்கான் வீடுகள் ஆறினை வெளியிட்டது. 1984இல் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் காலத்துக் கடைத்தெருவை ஒத்த வரிசையும் வந்தது. அன்றுமுதல் இவ்வீடுகளைச் சேர்ப்பது ஒரு பெரிய வணிகமாகவும் ஆயிற்று.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள், தமிழருக்கு இதனோடு தொடர்பென்ன என நேயர் சிலர் வினவக்கூடும். நவராத்திரிக் கொலுவை அறிந்த எவருக்கும் இவ்வினாவுக்கு விடை தெரியும். படிகளில் தெய்வ உருவங்கள் அமர்ந்திருக்க, படிகளின் அடியிலே தரையில் ஒரு சிற்றூர் அமைப்பது பல இல்லங்களின் வழக்கம். குளம், கோயில், செட்டியார் கடை, கேழ்வரகு முளைவிட்ட வயல், மணலிற் பாதை என அவ்வூர் விரியும். நேப்பிள்ஸ் நகரத்தார் முன்னணையைச் சுற்றிச் செய்ததை நம் பெண்கள் கொலுப்படியைச் சுற்றிச் செய்தனர். பண்ணுருட்டியிலும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், காஞ்சிபுரத்திலும் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் பொம்மை செய்வோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தஞ்சாவூரில் நெட்டி என்னும் நீர்த்தாவரத்தின் வெண்மையான தண்டைச் சீவிப் பெரிய கோயிலையே உள்ளங்கை அளவிற் செய்து கண்ணாடிப் பேழையுள் வைக்கும் கலை 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெரியதைச் சிறிதாக்கிக் கண்முன் நிறுத்தி மகிழும் இயல்பு எந்த ஒரு மதத்துக்கும் நாட்டுக்கும் தனியுரிமை அன்று.

மலைநாட்டுத் தோட்டங்களில் நத்தார் வேரூன்றியதில், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதலாய சபைகளுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பங்குண்டு. இங்கே குடில் அமைப்போர் கையிற் கிடைப்பதையே கொள்வர். தீப்பெட்டி, சவர்க்கார அட்டை, தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய ஈயத்தாள், சிகரெட் உறையின் வெள்ளித்தாள் ஆகிய எதுவும் வீடாகலாம். தேயிலை இப்போது காகிதச் சாக்குகளில் அனுப்பப்படுவதால் ஒட்டுப்பலகைப் பெட்டி அரிதாகிவிட்டது. ஆகவே ஒட்டுப்பலகையாற் செய்த ஒரு சிறு வீடு, தேயிலைப் பெட்டி எங்கும் கிடைத்த காலத்தின் சாட்சியாகவும் நிற்கின்றது.

இவ்வீடுகளின் தோற்றமும் கருதத்தக்கது. இலங்கையின் வெப்பநாட்டு வீடுகளுக்குக் குளிர்காய்வதற்கான புகைபோக்கி பொதுவாக இல்லை. ஆயினும் குடிலைச் சுற்றிய அட்டை வீடுகளுக்குச் செங்குத்தான கூரையும் புகைபோக்கியும் இருக்கும். வாழ்த்து அட்டைகளிற் கண்ட படம் ஒரு காரணம். மற்றொரு காரணம் மலைநாட்டினர்க்கு மிக அருகிலேயே உள்ளது. 1848இல் சாமுவேல் பேக்கர் குடியேறிய நாள்தொட்டு நுவரெலியாவில் ஆங்கிலேயர் தம் நாட்டு வீடுகளையே கட்டினர். 1894இல் எழுந்த செங்கல் அஞ்சலகமும் அதன் மணிக்கூண்டும் ஏதோ ஒரு நத்தார்ச் சிற்றூரிலிருந்து எடுத்துவைத்தது போன்றே தோன்றும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிறிய புகைவண்டி ஒன்றும் ஓடிற்று. அட்டை வீட்டின்மேல் தூவிய வெண்மையும் முற்றிலும் கற்பனையன்று. இம்மலைகளிற் பனிமழை பெய்வதில்லை. எனினும் தை, மாசியில் சில விடியல்களில் உறைபனி புல்லையும் தேயிலைக் கொழுந்தையும் வெளுக்கச் செய்வதுண்டு.

பழைய வீடு ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதனைப் படிக்க வேண்டும். அடிப்புறத்தில் முத்திரை உண்டா? சாளரத்தில் இருப்பது கண்ணாடித்தாளா, பிளாஸ்டிக்கா? மின்னுந்தூள் விரலுக்குச் செதில்போல் தட்டுப்பட்டால் அப்பிரகம். எல்லாத் துணுக்கும் ஒரே அளவாய் ஒரே வடிவாய் இருப்பின் பிற்காலத்துச் செயற்கைத்தூள். பின்புறத் துளை உண்டா? உள்ளே புகைக்கறை படிந்துள்ளதா? வீட்டிற் செய்ததாயின், உட்புற அட்டையில் அச்சிட்ட எழுத்துகளைப் பார்க்கவேண்டும். சவர்க்காரப் பெட்டியின் பெயரோ பழைய விலையோ அங்கே எஞ்சியிருந்து, செய்த காலத்தைச் சொல்லிவிடக்கூடும். ஆகையால் உட்புறத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மூடுவது பெருந்தவறு.

பழுது நீக்குவதில் முதல் விதி, குறைவாகச் செய்தல். இரண்டாம் விதி, செய்ததை மீண்டும் எடுக்கக்கூடியதாகச் செய்தல். தொடங்குமுன் நாற்புறமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளவேண்டும். பின்னர் மென்மயிர்த் தூரிகையால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தூசியைத் தட்டவேண்டும். ஈரத்துணி அறவே கூடாது. பழைய வீடுகளின் வர்ணம் பெரும்பாலும் நீரிற் கரைவது. ஒருமுறை துடைத்தால் அழுக்கோடு வர்ணமும், வர்ணத்தோடு மின்னுந்தூளும் போய்விடும். அப்போது எஞ்சுவது வெறும் அட்டையே.

பிரிந்த மூட்டுகளை ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பொருளைக் காய்ச்சிய பசையே சிறந்தது. அது வலிமையுடையது, தேவையானபோது சிறிது ஈரத்தால் இளகிவிடும். புத்தகம் கட்டுவோர் பூச்சிக்கு அஞ்சிப் பசையிலே மயில்துத்தம் கலப்பதுண்டு. அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளை நைந்துபோகச் செய்யும். குழந்தைகள் தொடும் பொருளில் அந்நஞ்சு வேண்டுவதில்லை. அதற்கு மாறாக, பசையை மெல்லியதாகப் பூசினாற் போதும். கணத்தில் ஒட்டும் இரசாயனப் பசைகள் இறுகி நொறுங்கும். பிறகு பிரிக்க இயலாது. ஒட்டுநாடா இன்னும் கொடியது. சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும். அதன் மஞ்சட்கறை மட்டும் என்றும் நீங்காது தங்கும்.

கிழிந்த சுவருக்கு வெளியிலிருந்து ஒட்டுப்போடாமல், உட்புறத்தில் நீண்ட நாருள்ள மெல்லிய தாளை வைத்து ஒட்டவேண்டும். இழந்த புகைபோக்கியையோ வேலியையோ அதே தடிப்புள்ள அட்டையிற் செய்து பொருத்தலாம். புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டுமே வர்ணம் பூசவேண்டும். பழைய பகுதியின்மேல் தூரிகை படக்கூடாது. சுருங்கிய சாளரத்தாளுக்குப் பின்னே புதிய தாளை வைக்கலாம்; விழுந்த பழைய துண்டை ஓர் உறையிலிட்டு வீட்டோடேயே வைத்திருத்தல் நன்று. மரங்களுக்கு வழி நமக்கு மிக எளிது. உலர்ந்த பீர்க்கங்கூட்டைக் கத்தரித்து, துணிச்சாயத்தில் தோய்த்து, நிழலில் உலர்த்தினால் அமெரிக்கச் சேகரிப்பாளர் தேடியலையும் மரங்கள் கந்தப்பளைக் கொல்லையிலேயே ஆயத்தமாகும்.

விளக்கைப் பற்றித் தனியே எச்சரித்தல் அவசியம். பழைய அமெரிக்க விளக்குச்சரம் பதினைந்து வோல்ற்றுக் குமிழ்கள் எட்டினைத் தொடராக இணைத்து, 120 வோல்ற்று மின்னுக்கென அமைந்தது. இலங்கையின் 230 வோல்ற்று மின்னில் அதனை இணைத்தால் குமிழும் வீடும் ஒருங்கே எரியக்கூடும். பழைய குமிழின் வெப்பமே அட்டையைக் கருக்கிவிடும். மின்கலத்தால் எரியும் சிறிய ஒளியுமிழ் குமிழே தக்கது. மெழுகுதிரியை எண்ணவும் கூடாது. அன்றியும், 1930களிலும் 1940களிலும் செயற்கைப் பனியென்று விற்கப்பட்ட வெண்பொருள்களுட் சில கல்நார். அதனை மூச்சில் வாங்குவது நுரையீரலுக்குப் பெருங்கேடு. பழைய பெட்டியில் நாராய்க் கிடக்கும் வெண்பஞ்சு போன்ற எதனையும் உதறிப் பார்க்கலாகாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதும் உண்டு; ஆதலின் வேலை முடிந்ததும் கைகழுவுதல் வேண்டும்; பிஞ்சுக் குழந்தைகள் வாயில் வைக்காமற் காத்தலும் வேண்டும்.

மலைநாட்டில் இவ்வீடுகளின் முதற்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அட்டையிலும் பசையிலும் பூஞ்சணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். கரப்பான் மேற்பூச்சைச் சுரண்டும். கறையான் எல்லாவற்றையும் உண்ணும். அடுப்புக்கு மேலுள்ள பரண் உலர்ந்த இடமாயினும் புகை படியும் இடம். வெளிச்சுவரை ஒட்டாத அலமாரித் தட்டு ஏற்றது. செய்தித்தாள் சுற்றுவது வழக்கம். அதன் அமிலமும் மையும் வீட்டை மஞ்சளாக்கும். வெளுத்த பருத்தித் துணியோ அச்சிடாத வெள்ளைத்தாளோ நன்று. வெயில் உள்ள நாள் பார்த்து உலர்ந்த நிலையிற் பொதியவேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை திறந்து பார்க்கவேண்டும். ஈரம் உள்ளே தங்கிய நிலையில் பிளாஸ்டிக் பையிற் கட்டி வைப்பது, பூஞ்சணத்துக்கு வீடுகட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பழையதைக் கெடுக்காமற் புதுப்பிக்க இயலுமா என ஐயுறுவோர்க்குக் கந்தப்பளையிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. எதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை பல்லாண்டுகள் இயங்காது கிடந்தபின், 1996இல் விடுதியாயிற்று. புறத்தோற்றத்தையும் உள்ளிருந்த இயந்திரத்தையும் பேணியே அதனை மாற்றியமைத்தனர். பழையதன் அடையாளம் எதுவோ அதனை விட்டுவிடாமல், பயன்பாட்டை மட்டும் புதிதாக்கினர். ஒரு சாண் வீட்டுக்கும் பல மாடிக் கட்டடத்துக்கும் விதி ஒன்றே.

எனினும் எதனைப் பேணுவது என்னும் வினா எஞ்சியுள்ளது. ஜப்பானிய முத்திரை உள்ள வீட்டுக்குச் சந்தையில் விலையுண்டு. அதனை யாரேனும் காப்பர். ஒரு கொழுந்து பறிக்கும் தாயும் அவள் மகனும் சவர்க்காரப் பெட்டியிற் செய்த வீட்டுக்கு விலை இல்லை, முத்திரை இல்லை, ஆகவே அதுவே முதலில் அழிகின்றது. அதன் மதிப்பை அளக்க வேறு அளவுகோல் வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளர் நூறாண்டுக்கு மேலாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லய அறைகளில், தமக்கு உரிமையில்லாத கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அதன்படி பல்லாயிரம் குடும்பங்கள் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டு கப்பலேறின. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று. தனிவீடும் அதற்குரிய காணியும் இன்றும் எல்லார்க்கும் கிட்டியபாடில்லை. சொந்தமாக ஒரு வாசற்படியும் இல்லாதோர், அட்டையிலே புகைபோக்கியும் தோட்டமும் வேலியும் வைத்து வீடு சமைத்தனர் என்றால், அந்த வீடு விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. அவர்கள் எத்தகைய வீட்டை வீடென்று கருதினர் என்பதற்கு அது ஓர் ஆவணம். எழுத்தில் தம் வாழ்வைப் பதிந்து வைக்க வாய்ப்பற்றிருந்தோர் விட்டுச்சென்ற ஆவணங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை அடுப்பில் இடலாமா?

இதற்கு மறுப்பும் உண்டு, அது தள்ளத்தக்கதன்று. குடில் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கவேண்டியது. பழையதைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டினால் குழந்தைகள் கைவேலையை மறப்பர். பக்தி காட்சிப்பொருளாகிவிடும் என்பர் சிலர். சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டோர் பலரிடத்து இக்குறை உண்மையே. பெட்டியை ஒருபோதும் திறவாமல், விலை ஏறுவதற்குக் காத்திருக்கும் சேகரிப்பாளர் வீட்டைக் காப்பவர் அல்லர்; சரக்கைக் காப்பவர்.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட வழியைக் கொலு மரபே காட்டுகின்றது. கொலுப் பொம்மைகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகின்றன. ஆண்டுக்கொருமுறை வெளிவந்து ஒன்பது நாள் வீற்றிருக்கின்றன. பழுதுற்றதை வர்ணக்காரரிடம் கொடுத்துச் சீராக்குவர். ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றையேனும் சேர்ப்பர். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியிற் சுற்றிப் பெட்டியில் இடுவர். பழையது பயன்படுகின்றது, புதியது சேருகின்றது, இரண்டும் ஒரே படியில் நிற்கின்றன. நத்தார்ச் சிற்றூருக்கும் இதுவே தக்க முறை. பழைய வீட்டை ஆண்டுதோறும் வெளியே எடுத்து, குடிலின் அருகே அதன் பழைய இடத்தில் நிறுத்தி, குழந்தைகள் அவ்வாண்டு செய்த புதிய வீட்டையும் அதன் பக்கத்தில் வைக்கலாம். முப்பதாண்டு அவ்வாறு செய்யும் குடும்பத்துக்கு, பலகையின்மேல் முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருக்கும். விலைகொடுத்து வாங்க முடியாத ஊர் அது.

இதற்கு வேண்டுவது பெருஞ்செலவன்று. ஒரு தூரிகை, சிறிது மாப்பசை, வெளுத்த துணி, பொறுமை ஆகியன போதும். இவற்றினும் முக்கியமானது ஒரு பென்சில். வீட்டின் அடிப்புறத்தில், செய்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவு, ஆண்டு ஆகிய நான்கையும் மெல்ல எழுதிவைத்தல் வேண்டும். மை காலப்போக்கில் ஊறிப் பரவலாம். பென்சில் எழுத்து நிற்கும். பாடசாலைகளிலும் ஞாயிறு பாடசாலைகளிலும் கைவேலைப் பாடத்தின் முடிவில் மாணவர்க்கு இப்பழக்கத்தைக் கற்பித்தல் எளிது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அவ்வீட்டைத் திருப்பிப் பார்க்கும்போது, முத்திரையற்ற அட்டையாக அன்றி, பெயருடைய ஒருவரின் வீடாக அது அவர் கையில் இருக்கும்.